பூனாகலைப் போன் கல்லில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

செய்தி கேட்காமல் ஒரு நாளாவது இருந்துவிட வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் ஒரே நோக்கம். மற்றபடி நான் மலை, அருவி என்று உருகுகிற ஆள் இல்லை. பதுளையில் பதினொரு வருடமாகக் கணக்குப் படிப்பிக்கிறேன். துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், அதுவும் பாடசாலைச் சுற்றுலாவில், பிள்ளைகள் ஒருவரும் தண்ணீருக்குள் விழவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டே. அருவி எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இது நடந்தது 2006 ஆகஸ்ட் விடுமுறையில். வழக்கமாக விடுமுறை விட்டதும் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிவிடுவேன். கொக்குவிலில் அக்கா தனியாக இருக்கிறா. இந்த முறை பெட்டி கட்டி முடித்து, அவவுக்கு மூன்று கிலோ தேயிலையும் வாங்கி வைத்த பிறகு பாதையை மூடிவிட்டார்கள். சண்டை தொடங்கிவிட்டது. போனும் போகவில்லை. இலக்கத்தை அழுத்தினால் ஒரு பெண் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் 'தொடர்பு கொள்ள முடியாது' என்று சொல்லுவாள். மூன்று மொழியிலும் அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

போன் வேலை செய்த காலத்திலும் அக்காவிடமிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்பது வேறு கதை. எப்போது எடுத்தாலும் "இஞ்சை ஒரு பிரச்சினையும் இல்லை, நீ சாப்பிட்டியே?" என்பதுதான் பேச்சு. செல் குண்டு விழுகிற சத்தம் போனுக்குள்ளேயே கேட்கும். அப்போதும் அதே வசனம்தான். சில நாள் எனக்குக் கோபத்தில் பல்லைக் கடிக்கத்தான் தோன்றும்.

ஆகவே ரேடியோவே கதி என்று கிடந்தேன். காலையில் யாழ்ப்பாணம், மத்தியானம் தொலைக்காட்சியில் லெபனான், இரவில் திரும்பவும் யாழ்ப்பாணம். லெபனானில் எனக்கு யாரும் இல்லை. ஆனால் இடிந்த வீட்டு வாசலில் ஒரு பெண் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறதைக் காட்டினால், அந்த வாசல் கொக்குவில் வாசல் போலத்தான் இருந்தது. சோறு இறங்கவில்லை. என் அறைத் தோழி விமலா, ஹாலிஎலைக்காரி, வாய் கொஞ்சம் நீளம். அவள்தான் ஒருநாள் ரேடியோவின் கழுத்தைத் திருகி நிறுத்தினாள். "நீங்க இப்படியே இதைக் கட்டிப்பிடிச்சிட்டு இருந்தீங்கன்னா, குண்டு அங்க விழறதுக்கு முந்தி நீங்க இங்க விழுந்துருவீங்க. எங்கயாவது மலைப் பக்கம் போயி மூச்சு விட்டுட்டு வாங்க!"

மூச்சு விடுவதற்கு பஸ் ஏற வேண்டுமா என்று கேட்டேன். உங்களுக்கு வேண்டும் என்றாள்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பதுளையிலிருந்து பண்டாரவளை பஸ். முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒன்றேகால் மணித்தியாலம், முப்பத்தெட்டு ரூபாய். ரயிலில் போனால் இன்னும் மலிவு, காட்சியும் அழகு என்பார்கள். ஆனால் அது வருகிற நேரத்தை நம்பிச் சாப்பாடு கட்ட முடியாது. கைப்பேசியை நிறுத்திப் பைக்குள் அடியில், துவாய்க்குக் கீழே போட்டேன். தெமோதரை தாண்டும்போதே அதை எடுத்துப் பார்க்கக் கை குறுகுறுத்தது. எடுக்கவில்லை. ஆகஸ்டில் இந்தப் பக்கம் கச்சான் காற்று அடிக்கும், காய்ந்த காற்று. ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுவதே இந்த மாதத்தில்தான் என்று சொல்வார்கள். யன்னலோரம் இருந்தால் தலைமுடி உங்கள் பேச்சைக் கேட்காது, தலையில் கட்ட ஒரு லேஞ்சி கொண்டுபோங்கள்.

பண்டாரவளையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுவிட்டு ஓட்டோத் தரிப்பிடத்துக்குப் போனேன். முதலில் நின்றவர் சந்திரன். நாற்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். என் தேவையை ஒரே மூச்சில் சொன்னேன்.

"அண்ணை, எனக்கு ஒரு இடம் வேணும். ரேடியோ இருக்கக் கூடாது, ரீவி இருக்கக் கூடாது, போன் அடிக்கக் கூடாது. பேசாமல் இருந்து தூரத்தைப் பாக்கிற மாதிரி ஒரு இடம்."

அவர் மலைப் பக்கம் கையைக் காட்டினார். "தூரத்தப் பாக்கிறதுன்னா ஒரு எடம் இருக்குங்க டீச்சர். அதுக்கு மேல ஊவாவுல எடம் கெடையாது. ஆனா மத்தியானத்துக்கு மேலதான் போகணும்." நான் டீச்சர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீங்க கேட்ட தோரணையிலேயே தெரியுதுங்க" என்றார்.

நான் கேட்ட மற்றவற்றுக்கு அவர் பதிலே சொல்லவில்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை. போக வர, காத்திருக்க, எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரம் ரூபாய், மத்தியானம் வெளிக்கிடுவது என்று பேசிக்கொண்டோம்.

பூனாகலைக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு மணித்தியாலம் பிடித்தது. பாதை அப்படி. பண்டாரவளையை விட்டு வெளிக்கிடும் இடத்தில் பொலிஸ் மறித்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிடும், அது எனக்குப் பழக்கம்தான். சந்திரன் இறங்கிப் போய்ச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். 'எங்கள் டீச்சர்' என்பது மட்டும் எனக்கு விளங்கியது. என்னைத் தெரிந்து அரை நாள் ஆகவில்லை, அதற்குள் எங்கள் டீச்சர்! நன்றி சொன்னேன். "அட, இதுல என்னங்க" என்று விட்டார்.

பூனாகலைக் கடைத்தெருவில் பிளேன்டீ குடித்தோம். அங்கேதான் பேச்சுவாக்கில் அவருடைய மனைவியைப் பற்றிக் கேட்டேன். ஊரில் இல்லை என்றார். பிறகு தேநீரை ஆற்றிக்கொண்டே, "லெபனான்ல இருக்காங்க. வீட்டு வேலைக்கிப் போயி ரெண்டு வருசமாச்சு" என்றார்.

கோப்பையைக் கீழே வைத்தேன். நான் எதிலிருந்து ஓடி வந்தேனோ அது எனக்கு முன்னால் வாங்கில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தது. பேர் இந்திராணி. சண்டை தொடங்கிய கிழமை ஒரு தடவை பேசியிருக்கிறாள். எஜமான் குடும்பம் காரில் ஏறிப் போய்விட்டது, வீட்டைப் பார்த்துக்கொள் என்று இவளைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோல் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு ஒன்றும் இல்லை. பதினொன்றும் எட்டும் வயதில் இரண்டு பிள்ளைகள், அவருடைய தங்கச்சி வீட்டில் இருக்கிறார்கள்.

"ஏன் ஞாயிறு?" என்று கேட்டேன்.

"வந்து பாருங்க டீச்சர்" என்றார்.

தோட்டத்தின் மேல் டிவிசன் வரைக்கும் ஓட்டோ போகும். அங்கிருந்து நடை. முதலில் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்குப் பின்னால் மரக்கறித் துண்டுகள், பிறகு தேயிலை, பிறகு மானாப்புல். நாற்பது நிமிடம் ஏற்றம். என்னைப் போல உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறியதும் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. ஒரு பெரிய கருங்கல், நாலு ஓட்டோ நிறுத்தலாம் போல அகலம், அதற்கு அப்பால் வெறும் காற்று. கீழே காடு, காட்டுக்குக் கீழே வெல்லவாய, மொனராகலைப் பக்கத்துச் சமவெளி வெயிலில் மஞ்சளாகக் கிடக்கிறது. இரண்டு மூன்று குளங்கள் கழுவிக் கவிழ்த்த தட்டுகள் போல மின்னுகின்றன. எனக்கு 'அம்மாடி' என்று வாய்விட்டு வந்துவிட்டது.

அடுத்த கணமே ஒரு போன் அடித்தது.

திரும்பிப் பார்த்தால் கல்லின் மறுபக்கம் இருபது பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். ஆண்கள், பெண்கள், கைப்பிள்ளைகளோடு தாய்மார். ஆளுக்கொரு கைப்பேசி, அல்லது மூன்று வீட்டுக்கு ஒன்று. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "அண்ணை, நான் என்ன கேட்டனான், நீங்கள் எங்கை கொண்டுவந்து விட்டிருக்கிறியள்?" என்று கத்தினேன்.

"கோச்சுக்காதீங்க டீச்சர். நீங்க கேட்ட எடமும் இதுதான். எனக்கு வர வேண்டிய எடமும் இதுதான்" என்றார் சந்திரன். சொல்லிவிட்டுக் கல்லின் நுனிக்குப் போய்த் தன் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் நான் எதைக் கத்துவது?

விஷயம் இதுதான். லயங்களில் சிக்னல் கிடையாது. இந்தக் கல்லில் மட்டும்தான் பிடிக்கும். ஆகவே குவைத், கட்டார், லெபனான் என்று போயிருக்கிற இந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஞாயிறு பின்னேரம் ஊர்க்காரர் கல்லில் இருப்பார்கள் என்று தெரியும். இதைப் போன் கல்லு என்கிறார்கள். அதை ஆளுகிறவர் மருதாயி அக்கா. ஐம்பது வயது, கொழுந்து பறிக்கிறவர், குரல் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளையை விடப் பெரிது. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, அவித்த மரவள்ளிக்கிழங்கு தந்தார்.

போன் அடித்தால் எல்லாரும் வாயை மூடிவிட வேண்டும். அது எனக்கு விளங்கியது. விளங்காதது இன்னொன்று. கட்டாரிலிருந்து தம்பி எடுத்த கோலுக்கு ஒரு வாலிபன் ஹலோ சொன்ன கையோடு, சுகம் விசாரிக்கவில்லை, பணம் வந்ததா என்று பேசவில்லை. எழுந்து நின்று சுற்றிப் பார்த்தான். "கொளம் ரெண்டும் தெரியுது. கீழ் ரோட்டுல செவப்பு லாரி ஒண்ணு போகுது. காட்டுப் பக்கம் எங்கயோ புல்லுக்குத் தீ வச்சிருக்கானுங்க. அப்புறம் கடல் தெரியுது…"

"டேய், கடல் தெரியலடா! அது வெயிலு!" என்று மருதாயி அக்கா சீறினார்.

"கடல் இல்லயாம், வெயிலாம்" என்று அவன் போனில் திருத்தினான். அதற்குப் பிறகுதான் மற்றக் கதையெல்லாம்.

"இது என்ன வழக்கம்?" என்று கேட்டேன்.

"எம்மக ஆரம்பிச்சதுங்க" என்றார் மருதாயி அக்கா. "குவைத்துல எட்டாவது மாடி. அடுப்படிக்குப் பக்கத்துல படுக்கிற ரூம்பு, சன்னல் கெடையாது. மொத கோல்ல ஓன்னு அழுதா. அழுது முடிச்சிட்டு, 'அம்மா, கல்லுல இருந்து என்ன தெரியுது, சொல்லு'ன்னா. சொன்னேன். அப்பறம் எல்லாப் புள்ளைங்களும் கேக்க ஆரம்பிச்சிருச்சிங்க. காசு ஓடுதேன்னு பாக்காதுங்க, மொதல்ல இதத்தான் கேக்கும்."

"கடல் தெரியுது எண்டு சொன்னால் என்ன குறைஞ்சு போகும்? அந்தப் பிள்ளை சந்தோசப்படும்தானே."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டேன். "மத்தது எல்லாத்துலயும் பொய்தாங்க சொல்லுவோம். புள்ளைக்குக் காய்ச்சல்னா சொல்ல மாட்டோம். கூரை ஒழுகுதுன்னா சொல்ல மாட்டோம். அங்க அதுங்க அடி வாங்கினாலும் நம்மகிட்ட சொல்லாதுங்க. இது ஒண்ணாச்சும் நெசமா இருக்கட்டுமே! இதுலயும் பொய் சொன்னா, அப்பறம் எதப் புடிச்சிக்கிட்டு நம்புறது?"

எனக்குக் கொக்குவில் நினைவு வந்தது. மரவள்ளியைச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் நான் அந்தக் கல்லில் இருந்து பார்த்தது போல வாழ்க்கையில் எதையும் பார்த்ததில்லை. அக்கா கேட்டால் என்ன சொல்லுவேன் என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். வெறுமனே 'அழகாக இருக்கிறது' என்றால் அவ நம்ப மாட்டா. ஒரு பருந்து சிறகை அசைக்காமல் எங்களுக்குக் கீழே சுற்றியது. பறவையின் முதுகை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், மண்ணிறம். மேக நிழல் ஒன்று மொனராகலைப் பக்கமிருந்து வந்து, ஒரு குளத்தை அணைத்துவிட்டு, மற்றக் குளத்தைத் தொடாமல் போனது. உலகம் அப்படியேதான் இருந்தது, பெய்ரூட்டில் குண்டு விழுந்துகொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் நான் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். விமலா சொன்னது சரிதான், அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

சந்திரனுக்குக் கோல் வரவில்லை. மற்றவர்களின் போன் அடிக்கும்போதெல்லாம் அவர் தோள் ஒருமுறை தூக்கி விழும். பிள்ளைகளை ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்டேன். "மூணு ஞாயிறு வந்து என் மூஞ்சியவே பாத்துட்டு ஒக்காந்திருந்துச்சிங்க. இந்த வாரம் சொல்லாம வந்துட்டேங்க" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாலு மணிக்குமேல் பள்ளத்திலிருந்து பனி ஏறத் தொடங்கியது. முதலில் குளங்கள் போயின, பிறகு காடு, பிறகு பத்தடி தள்ளி நின்ற கொய்யா மரம். வழக்கமாகப் பனி மூடினால் ஆட்கள் இறங்கிவிடுவார்களாம். அன்றைக்கு ஒருவரும் இறங்கவில்லை. கோல் வந்து முடிந்தவர்கள்கூட ஏதோ வேலை இருப்பது போலக் காலை ஆட்டிக்கொண்டு இருந்தார்கள். பண்டாரவளையிலிருந்து கடைசி பஸ் ஆறே முக்காலுக்கு. நானும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அப்போது சந்திரனுடைய போன் அடித்தது.

ஹலோ என்றார். பிறகு வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. காற்றில் போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் "ஹலோ, ஹலோ" என்பது எங்களுக்கே கேட்கிறது. மருதாயி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அடேய், ஆம்பள! என்ன தெரியுதுன்னு சொல்லுடா!"

சந்திரன் நிமிர்ந்து பார்த்தார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. எல்லாப் பக்கமும் வெள்ளை. மூன்று ஞாயிறு காத்திருந்த மனிசன், பூட்டிய வீட்டில் கிடந்த மனைவி. ஒரு குளத்தைச் சொன்னால் என்ன, கொஞ்சம் வெயிலைச் சொன்னால் என்ன என்று என் மனம் அடித்துக்கொண்டது. நானாக இருந்தால் கடல், கப்பல், கலங்கரை விளக்கம் எல்லாம் காட்டியிருப்பேன்.

"ஒண்ணும் தெரியல இந்திரா" என்றார் அவர். "பூரா பனி. எங்காலே எனக்குத் தெரியல."

பிறகு போனுக்குள்ளே அந்தப் பெண் சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, திரும்பச் சிரிப்பானது. "காத்து அடிக்குதா?" என்று கேட்டிருக்க வேண்டும், அவர் போனைத் தலைக்குமேல் தூக்கிக் காற்றில் பிடித்தார். பிறகு காதில் வைத்து, "புள்ளைங்க நல்லாருக்குங்க. நெசமாத்தான்" என்றார். அந்த 'நெசமாத்தான்' அவளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் அவர் கேட்டார். "ஒனக்கு என்ன தெரியுது? சொல்லு. மறைக்காத."

அவள் சொல்லச் சொல்ல, எங்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கத் திருப்பிச் சொன்னார். "கோயில் மாதிரி ஒரு எடமாம். மாதா கோயிலு. நம்ம நாட்டுப் பொம்பளைங்க நெறையப் பேராம். பக்கத்து வீட்டுக்காரங்க கதவ ஒடச்சி வெளிய விட்டாங்களாம். முத்தத்துல அத்தி மரம் இருக்காம், காய் காய்ச்சிருக்காம். தூரத்துல…" போனைக் காதோடு அழுத்தினார். "தூரத்துல பொகை தெரியுதாம். ரெண்டு எடத்துல."

ஒருவரும் 'ஐயோ' என்று சொல்லவில்லை. பஸ்ஸில் ஏற்றி எல்லைக்கு அப்பால் கொண்டுபோகப் போகிறார்களாம், நாளைக்கோ மறுநாளோ. அதோடு கோல் அறுந்தது. சந்திரன் கல்லிலேயே குந்திவிட்டார். மருதாயி அக்கா சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்து, "போதும், எந்திரி. டீச்சரம்மாவுக்கு பஸ்சு போயிரும்" என்றார்.

பஸ்ஸைப் பிடித்தேன். இறங்கும் வழியில் அவருடைய தங்கச்சி வீட்டு லயத்தடியில் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொன்னேன், பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வரட்டும் என்று. அவருக்கு ஐந்து நிமிடம் கால் மணித்தியாலம் ஆனது. அதைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். கொழும்பிலிருந்து பதுளை பஸ்ஸில் வந்தால் பெரகல சந்தி, அப்புத்தளை தாண்டிப் பண்டாரவளையில் இறங்குங்கள். பெரகலையில் பஸ் நிற்கும்போது தேநீர் குடித்துவிடலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை காற்று பலம், கல்லின் நுனிக்குப் போகாதீர்கள். அட்டைக் கடி இந்த மாதங்களில் குறைவு. மேலே கடை இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம், எங்களைப் போன்றவர்கள் எப்படியும் மறக்க மாட்டோம். தனிமை வேண்டுமென்றால் கிழமை நாளில் போங்கள். ஞாயிறு போனால், போன் அடிக்கும்போது வாயை மூடுங்கள், இல்லாத கடலைக் காட்டாதீர்கள். சந்திரன் சென்ற வெள்ளிக்கிழமை எனக்குக் கோல் எடுத்தார். "டீச்சர், வந்துட்டாங்க. கல்லுலதான் ஒக்காந்திருக்கா, எறங்க மாட்டேங்கிறா" என்றார்.

அக்காவின் வீட்டு லைன் அதற்கு இரண்டு நாள் முன்னர் வந்தது. காலையில் என் போன் அடித்தது, அக்கா.

"இஞ்சை ஒரு பிரச்சினையும் இல்லை, நீ சாப்பிட்டியே?"

"அக்கா, அதை விடு. குசினி யன்னலாலை பார். என்ன தெரியுது எண்டு சொல்லு."

"உனக்கென்ன விசரே?"

"சொல்லு அக்கா. பொய் சொல்லக் கூடாது."

அவ போனைப் பிடித்துக்கொண்டு நடப்பது கேட்டது. யன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லச் சொன்னா. "பனம்பழம் விழுந்து கிடக்கு. பொறுக்க ஆக்களில்லை. பின்வீட்டுக்காரர் போயிட்டினம், கூரை ஓடு முழுக்கக் கொட்டுண்டு போச்சு. எங்கடை மதிலிலையும் ஒரு பக்கம் இல்லை. மிச்ச மதிலிலை அவையின்ரை பூனை படுத்திருக்கு." "பயமாக் கிடக்கு பிள்ளை" என்றா. இத்தனை வருட யுத்தத்தில் அக்கா எனக்குச் சொன்ன முதல் உண்மை அது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம்.

பிறகு அவ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உனக்கு என்ன தெரியுது?" என்று கேட்டா.

எழுந்து யன்னலுக்குப் போனேன். "நமுனுகுல மலை தெரியுது. உச்சியிலை மேகம், பாதி மலை இல்லை. கீழை கடைக்காரன் ஏணி வைச்சு யன்னலுக்குப் பெயின்ற் அடிக்கிறான்."

"என்ன நிறம்?" என்றா அக்கா.

"பச்சை" என்றேன்.